மூன்று அடுக்கும் சிவப்பு நூலும்

வண்டுவுக்கு நல்ல மனசு. அன்றைக்கு வந்த வம்பெல்லாம் அதனால்தான் வந்தது.

வண்டு என்றால் பறக்கிற வண்டு இல்லை. ஐந்து வயதுப் பையன். காலையில் கண் விழித்ததிலிருந்து யார் காதருகேயாவது ரீங்காரம் செய்துகொண்டே இருப்பான். அதனால் வீட்டில் அவனுக்கு அந்தப் பெயர். அவனுடைய அக்காவுக்குப் பத்து வயது. அவளுக்கும் ஒரு பெயர் உண்டு, மேனேஜர். "செருப்பை ஜோடியா வை", "லைட்டை யாரு அணைப்பாங்களாம்?" என்று அம்மா அப்பாவைக்கூட விடாமல் வேலை வாங்குவாள். அப்பாவே சில நேரம், "மேனேஜர் மேடம், நான் டீ குடிக்கலாமா?" என்று அனுமதி கேட்பார்.

அப்பா திரைச்சீலை தைக்கிறவர். வீட்டின் முன் அறைதான் அவருடைய கடை. அம்மா பஸ் ஓட்டுகிறார். அன்று சனிக்கிழமை. அம்மா காலையிலேயே டியூட்டிக்குப் போய்விட்டார்.

சித்திக்குப் பாப்பா பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் சித்தியும் பாப்பாவும் ஆஸ்பத்திரியிலிருந்து இவர்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். "மாமா, பாப்பா வீட்டுக்கு வந்ததும் உங்க கையால தைச்ச போர்வையிலதான் முதல்ல படுக்கணும்" என்று சித்தி சொல்லியிருந்தாள். அப்பாவும், "அதுக்கென்ன, ஜமாய்ச்சிடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

சும்மா போர்வை இல்லை, பஞ்சுப் போர்வை. மேலே வண்ண வண்ணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த துணி. நடுவில் தோசை மாதிரி பரத்திய பஞ்சு. அடியில் மெத்தென்று ஒரு வெள்ளைத் துணி. மூன்றையும் சேர்த்து மெஷினில் தைக்க வேண்டும். அப்பாவின் மெஷின் திரைச்சீலைக்குத்தான் லாயக்கு, அவ்வளவு தடிமனைத் தாங்காது. அதனால் மெத்தைக் கடைக்காரரிடம் பெரிய மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தார். அதுவும் அன்று மாலை ஆறு மணி வரைக்கும்தான். ஆறு மணிக்கு வண்டி வந்துவிடும், மெஷின் போய்விடும்.

காலையில் அப்பா மூன்று அடுக்கையும் முன் அறைத் தரையில் விரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்குகளைக் குத்தி மாட்டினார். அப்படி மாட்டாவிட்டால் மெஷின் ஓடும்போது மேல் துணி ஒரு பக்கமும் பஞ்சு ஒரு பக்கமும் நழுவிப் போகுமாம். வேலை முடிகிற நேரத்தில் போன் வந்தது. புது வீட்டுக்காரர் ஒருவர் ஜன்னல் அளவு எடுக்க உடனே வரச் சொன்னார்.

"நாலு மணிக்கெல்லாம் வந்துடுவேன்மா. வந்து தைச்சா ஆறு மணிக்குள்ள முடிஞ்சிடும். அதுவரைக்கும் போர்வை பக்கம் யாரும் போகக் கூடாது. ஏதாவதுன்னா எதிர்வீட்டு ஆன்ட்டியைக் கூப்பிடு. சரியா?" என்றார் அப்பா.

"நான் பார்த்துக்கறேன்ப்பா. நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க" என்று மேனேஜர் பெரிய மனுஷி போலச் சொன்னாள்.

சொன்னவள் என்ன செய்தாள்? சாப்பிட்டு முடித்ததும், இரண்டே பக்கம் படிக்கலாம் என்று உள் அறைக்குப் போய்க் கதைப் புத்தகத்தைத் திறந்தாள். இரண்டு பக்கம் நாற்பது பக்கமானது. கதையில் ஒரு பெண் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் யாரால் புத்தகத்தை மூட முடியும்?

திடீரென்று அவளுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ரீங்காரம் இல்லை! வண்டு சத்தம் போடாமல் இருந்தால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். ஒரே ஓட்டமாக முன் அறைக்கு ஓடினாள்.

தரை காலியாக இருந்தது. சுவரோரம் மூன்று மூட்டைகள். ஒன்று வண்ணத் துணி, ஒன்று பஞ்சு, ஒன்று வெள்ளைத் துணி. தனக்குத் தெரிந்த அளவில் சுருட்டி மடித்து அடுக்கியிருந்தான் வண்டு. அவன் மடியில் அப்பாவின் ஊக்கு டப்பா. கடைசி ஊக்கை மூடி அதில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! என்னடா பண்ணி வச்சிருக்கே?"

வண்டு பெருமையாக நிமிர்ந்து பார்த்தான். "எல்லா ஊக்கையும் எடுத்துட்டேன்க்கா. பாப்பாவுக்குக் குத்தும்ல?"

மேனேஜருக்குத் தலை சுற்றியது. "குத்தாதுடா! தைச்சு முடிச்சதும் அப்பாவே எடுத்துடுவாரு. அது சும்மா பிடிச்சு வைக்கிறதுக்கு! உன்னை யாரு தொடச் சொன்னா? எல்லாத்தையும் கெடுத்துட்டே, போ!"

வண்டுவின் உதடு துடித்தது. அவன் உரக்க அழவில்லை. டப்பாவை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "பாப்பா ரொம்பச் சின்னது" என்று மட்டும் சொன்னான்.

அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கத்தியிருக்க வேண்டாம். போர்வையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது யார்? அவன் இல்லையே. கடிகாரம் ஒன்றே முக்கால் காட்டியது. அப்பா வந்து மறுபடி ஊக்கு மாட்டி, பிறகு தைப்பதென்றால் ஆறு மணிக்குள் முடியவே முடியாது. சித்தியிடம் அப்பா என்ன சொல்வார்?

"சரி, அழாதே. திரும்ப மாட்டிடலாம். அப்பா மாட்டினதைப் பார்த்தோம்ல?"

வெள்ளைத் துணியை விரித்தாள். அதன் மேல் பஞ்சைப் பரப்பினாள். சுருக்கத்தைச் சரிசெய்யக் கையை வைத்துத் தடவியவள், "ஆ!" என்று கையை இழுத்துக்கொண்டாள். விரல் நுனியில் பொட்டு மாதிரி ரத்தம். பஞ்சுக்குள் ஒரு ஊக்கு, வாயைத் திறந்தபடி ஒளிந்துகொண்டிருந்தது. கை பட்டிருக்காவிட்டால் அது அங்கே இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு சொன்னே?"

"எடுத்தேனே! இது எனக்கே தெரியலையே" என்றான் வண்டு. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, அப்பாவுக்கும் ஒண்ணு தெரியாமப் போயிட்டா?"

மேனேஜர் அந்த ஊக்கை மூடி டப்பாவில் போட்டாள். விரலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். வண்டு சொன்னதில் தப்பே இல்லை. தப்பு தன்னுடையதுதான், கேட்காமலே திட்டிவிட்டாள்.

"நீ சொன்னது சரிடா. ஊக்கு வேண்டாம். ஆனா மூணையும் வேற எப்படிப் பிடிச்சு வைக்கிறது?"

வண்டுவின் முகம் பளிச்சென்றானது. ஐடியா கேட்டால் அவனிடம் பஞ்சமே இல்லை. "கோந்து!"

"மொடமொடன்னு ஆயிடும். பாப்பா அதுல ஒட்டிக்கும்."

"ஸ்டேப்ளர்!"

"அதுவும் குத்தும்."

"துணி காயப்போடற கிளிப்?"

"ஓரத்துல மட்டும்தான் பிடிக்கும். நடுவுல?"

"அப்ப நான் நடுவுல படுத்துக்கறேன்" என்றான் வண்டு.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அப்பாவின் மேசைப் பக்கம் திரும்பினாள். நூல்கண்டுகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று நல்ல ரத்தச் சிவப்பு.

நூல்! எட்ட எட்ட ஊசியை விட்டு எடுத்து, நீள நீளமாக நூல் ஓட்டினால் என்ன? பள்ளிக்கூடத்து நாடகத்தின்போது ராஜாவின் அங்கியை அப்படித்தான் அவசரத்துக்குச் சேர்த்தார்கள். நாடகம் முடிந்ததும் ஒரே இழுப்பில் பிரித்தார்கள்.

"நூலை எடுக்க மறந்துட்டா?" என்று வண்டு விடாமல் கேட்டான்.

"நூல் குத்தாதுடா. அதுவும் சிவப்பு நூல். எங்க இருந்தாலும் கண்ணைப் பறிக்கும்."

வண்டு தலையை ஆட்டினான். வேலை தொடங்கியது.

முதலில் பஞ்சையும் இரண்டு துணிகளையும் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார்கள். வேறு ஊக்கு இல்லை. வெள்ளைத் துணி நகராமல் இருக்க, அதன் ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டினான் வண்டு. கேட்டதைவிட நான்கு மடங்கு டேப் ஒட்டினான். அதன் மேல் பஞ்சு, அதன் மேல் வண்ணத் துணி. மேனேஜர் ஊசியில் நூலைக் கோத்து, இடது ஓரத்திலிருந்து ஓட்ட ஆரம்பித்தாள்.

சொல்வது சுலபம். மூன்று அடுக்கில் ஊசி உள்ளே போனால் வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. அப்பா விரலில் மாட்டிக்கொள்ளும் இரும்புக் குல்லாய் அவள் விரலுக்குத் தொளதொளவென்றிருந்தது. அதற்குள் கொஞ்சம் பஞ்சைத் திணித்து மாட்டிக்கொண்டாள். இடது ஓரம் முடிந்தது. வலது ஓரம் முடிந்தது. மேலும் கீழும்கூட முடிந்தது. நிமிர்ந்து பார்த்தால், நடுவில் துணி புஸ்ஸென்று உப்பிக்கொண்டு நின்றது.

"அக்கா, மலை!" என்று வண்டு தன் பொம்மைக் காரை எடுத்து அதன் மேல் ஓட்டினான். கார் உச்சிக்கு ஏறி, மறுபக்கம் குட்டிக்கரணம் போட்டது.

மேனேஜர் கையால் அழுத்தினாள். மலை இந்தப் பக்கம் அமுங்கி அந்தப் பக்கம் எழுந்தது. மணி இரண்டே முக்கால். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரம் செய்தது எல்லாம் வீணா?

"நோட்டுல ஸ்டிக்கர் ஒட்டும்போதும் இப்படித்தான் உப்பும்" என்று காரைத் தள்ளிக்கொண்டே சொன்னான் வண்டு. "நீ என்னைத் திட்டுவியே."

ஆமாம், திட்டுவாள். ஏன் திட்டுவாள்? ஓரத்தை எல்லாம் முதலில் ஒட்டிவிட்டால் காற்று போக வழியில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். நடுவில் அழுத்தி வெளிப்பக்கமாகத் தள்ளினால் தானாக ஓடிவிடும். அவளே எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள்!

"வண்டு, ஓரத்துல ஆரம்பிச்சதுதான் தப்பு. நடுவுலேர்ந்து வரணும்!"

நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று வரிசை வரிசையாகக் கழன்று வந்தது. இந்த முறை போர்வையின் நடுமையத்தில் ஊசியைக் குத்தினாள். அங்கிருந்து ஓரத்தை நோக்கி ஒரு வரிசை. மறுபடி நடுவிலிருந்து எதிர்ப்பக்கம் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தடவிவிட்டாள். ஒரு மூலையில் வண்டுவை உட்கார வைத்தாள்.

"நீதான் பேப்பர் வெயிட். அசையக் கூடாது."

"பேசலாமா?"

"பேப்பர் வெயிட் பேசாது."

"இந்தப் பேப்பர் வெயிட் பேசும்" என்று அவன் ரீங்காரத்தைத் தொடங்கினான். பாப்பாவுக்குப் பல் இருக்குமா, பாப்பாவுக்கு ரிமோட்டைக் கொடுக்கலாமா, பாப்பாவுக்கு வண்டு என்று சொல்ல வருமா என்று கேள்வி மேல் கேள்வி. அவள் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். முட்டி வலித்தது, விரல் எரிந்தது. ஆனால் வரிசைகள் கூடிக்கொண்டே போயின. குறுக்கே ஏழு, நெடுக்கே ஆறு. கட்டம் போட்ட நோட்டு மாதிரி சிவப்புக் கோடுகள். மலை எங்கேயும் இல்லை.

"அக்கா, கார் ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டு, வண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை காரை விட்டான். எங்கேயும் குலுங்காமல் ஓடியது. டேப்பை எல்லாம் உரித்தார்கள். ஒரே ஒரு வரிசை பாக்கி. அதையும் அவசரமாக ஓட்டி, முடிச்சுப் போட்டாள். மணி நாலாக ஐந்து நிமிடம்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

"அப்பா!" என்று துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினாள். ஓடும்போது கவுன் என்னவோ கனத்தது. யாரோ பின்னாலிருந்து இழுக்கிற மாதிரி இருந்தது. கதவைத் திறந்தாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தார். அவர் கையிலிருந்த அளவு டேப் நழுவிக் கீழே விழுந்தது.

பஞ்சுப் போர்வை மொத்தமும் மேனேஜரின் கவுனோடு சேர்ந்து வாசல் வரை வந்திருந்தது. கடைசி வரிசையில் அவள் தன் கவுனையும் சேர்த்து வைத்து நூல் ஓட்டிவிட்டாள்.

வண்டு தரையில் உருண்டு உருண்டு சிரித்தான். "அக்காவுக்கு வால்! அக்காவுக்கு வால்!"

"போர்வையைத் தொடக் கூடாதுன்னேன். நீ என்னடான்னா கட்டிக்கிட்டு ஊர்வலம் போறே" என்றார் அப்பா. குரலில் சிரிப்பு இருந்தாலும் கண்கள் போர்வையையே பார்த்தன. "ஊக்கெல்லாம் எங்கம்மா?"

அவள் முந்திக்கொண்டு சொன்னாள். "அப்பா, நான் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டுப் பார்த்துக்கலை. உள்ளே புத்தகம் படிக்கப் போயிட்டேன்."

சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டு எழுந்து வந்தான். "நான்தான் எடுத்தேன்ப்பா. பாப்பாவுக்குக் குத்தும்னு. ஒண்ணு பஞ்சுக்குள்ள ஒளிஞ்சிருந்தது. அக்காவுக்குக் குத்திடுச்சு. காட்டுக்கா."

அவள் விரலைக் காட்டினாள். அப்பா அந்த விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நான் குத்தும்போது எத்தனைன்னு எண்ணவே இல்லை" என்றார் மெதுவாக. "எண்ணாம எப்படி எல்லாத்தையும் எடுத்திருப்பேன்? அவசரத்துல எனக்கே தோணலை."

பிறகு குனிந்து கவுன் நூலைக் கத்தரித்து மகளை விடுவித்தார். போர்வையின் இரண்டு மூலையைப் பிடித்துத் தூக்கி உதறினார். பலமாகவே உதறினார். மேல் துணி நகரவில்லை. பஞ்சு நகரவில்லை. திருப்பிப் பார்த்தார். அடித்துணியில் ஒரு மடிப்பு இல்லை.

"வாசல் வரைக்கும் தரதரன்னு இழுத்துட்டு வந்திருக்கே. அப்படியும் ஒரு இம்மி அசையலை! நான் குத்தின ஊக்குகூட இப்படிப் பிடிச்சிருக்காது" என்றார் அப்பா. "மேனேஜர் மேடம், தைக்க ஆரம்பிக்கலாமா?"

"உம், ஆரம்பிங்க" என்றாள் மேனேஜர். மெஷின் முன்னால் நாற்காலியையும் இழுத்துப் போட்டாள்.

பெரிய மெஷின் கடகடவென்று ஓடியது. ஐந்தரைக்குப் போர்வை தயார். சிவப்பு நூலைப் பிரிக்கிற வேலையை வண்டுவிடம் விட்டார்கள். ஒவ்வொன்றாக இழுத்துப் பந்தாகச் சுருட்டினான். ஆறு மணிக்கு வண்டி வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனது. இருட்டியதும் வீடு திரும்பிய அம்மா, கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க, அந்த வாலைக் காட்டு" என்று மகளைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் சித்தி வந்தாள். கையில் பாப்பா, துணிக்குள் ஒரு சின்ன முகம் மட்டும். கட்டிலில் போர்வையை விரித்திருந்தார்கள். சித்தி பாப்பாவைப் படுக்க வைக்கக் குனிந்தாள்.

"இருங்க சித்தி!"

வண்டு கட்டிலில் ஏறினான். சட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் முதுகைப் போர்வையில் வைத்துப் படுத்தான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு உருண்டான். அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு உருண்டான். குப்புறப் படுத்து வயிற்றாலும் பார்த்தான். பிறகு கன்னத்தை வைத்து ஒவ்வொரு கட்டமாகத் தடவினான். சித்தி பாப்பாவை ஏந்தியபடி காத்துக்கொண்டு நின்றாள். அப்பாவும் அம்மாவும் காத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்த வாயெடுத்த ஒருவரையும் மேனேஜர் முறைத்துப் பார்த்து அடக்கிவிட்டாள். அது அப்பா.

கடைசியில் வண்டு இறங்கினான். "இப்ப படுக்க வைங்க."

சித்தி பாப்பாவை மெல்லப் படுக்க வைத்தாள். பாப்பா கையைக் காலை ஒரு தடவை உதறியது. ஒரு கொட்டாவி விட்டது. அப்படியே தூங்கிப்போனது.

வண்டு அக்காவின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"குத்தலைக்கா."